நட்ட கல்லும் பாடநூல் அட்டவணையும்

பண்டைத் தமிழரின் சமயம் யாது என்னும் வினாவிற்குத் தமிழ்ப்பள்ளி மாணவரும், பயிற்சி பெற்ற ஆசிரியருங்கூட, எழுதும் விடை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருத்தலைக் காணலாம். முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்திற்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று தொல்காப்பியர் சுட்டிய நால்வரும் முதற்கண் வருவர். தொல்காப்பியர் பாலைக்குத் தெய்வம் வகுக்கவில்லை என்பதைக் கருதாது, கொற்றவையை ஐந்தாவதாக அமைத்து அட்டவணையை நிறைவு செய்வர். 'இயற்கையை வழிபட்டனர்; பின்னர் ஆரியக் கலப்பால் வேறுபட்டது' என்னும் இரண்டு வரிகளோடு கட்டுரை முடியும். இவ்விடைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயின், இதனை எழுதுவதற்குச் சங்கப் பாடல் ஒன்றையேனும் படித்திருக்க வேண்டுமா எனின், வேண்டுவதில்லை. குறை அங்கேதான் தொடங்குகின்றது.

தொல்காப்பியர்மீது பழி சுமத்துதற்கு இடமில்லை. அவர் கூறியது செய்யுளுக்குரிய கருப்பொருள் இலக்கணமேயன்றி, இன்ன ஊரார் இன்ன தெய்வத்தை வழிபட்டனர் என்னும் குடிக்கணக்கன்று. இலக்கணத்தை வரலாறாகக் கொண்டது பின்வந்தோர் செயல். நெய்தலை எடுத்துக்கொள்வோம். அட்டவணைப்படி பரதவர் வருணனை வழிபட்டிருத்தல் வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையோ வேறொரு காட்சியைக் காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் நிறைமதி நாளில் கடலுக்குச் செல்லாது, சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதன்கண் தெய்வத்தை நிறுத்தி வழிபடுகின்றனர், கள்ளுண்டு ஆடுகின்றனர். எந்த மீன் வலையைக் கிழித்து உயிரையும் வாங்க வல்லதோ அதன் கொம்பே அவர்க்குத் தெய்வத்தின் இருப்பிடமாயிற்று. கடலோடு போராடிப் பிழைக்கும் மக்களின் அச்சமும் நன்றியும் அக்கொம்பில் ஒருங்கே நிற்கின்றன. 'நெய்தல் - வருணன்' என்னும் இரு சொற்களை மனப்பாடம் செய்த மாணவன் இதனை அறியாமலே பள்ளியை விட்டு வெளியேறுகின்றான்.

அதே பாட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. ஊர்ப் பொதுவிடத்தில் நட்டிருந்த கந்து என்னும் தூணில் தெய்வம் உறைவதாகக் கருதினர். போரில் பகைநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மகளிர் நீர்த்துறையில் மூழ்கி வந்து, அவ்விடத்தை மெழுகி, அந்தியில் அணையா விளக்கை ஏற்றினர். ஊருக்குப் புதியராய் வந்தோர் அங்கே தொழுது தங்கினர். உரையாசிரியர் பலர் சொற்பொருள் கூறிக் கடந்துவிடும் இடம் இது. ஆயினும் சமயத்தையும் சமுதாயத்தையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போர் இங்கே நின்று செல்லுதல் கடன். சோழர் தலைநகரின் செல்வத்தைப் பாடவந்த புலவர், அந்நகரின் கோயில் விளக்கை ஏற்றியவர் சிறைப்பட்ட பெண்டிர் என்பதையும், அங்கே கைகூப்பியவர் ஊரில்லா வழிப்போக்கர் என்பதையும் மறைக்கவில்லை. வெற்றியின் மறுபக்கம் விளக்கொளியில் தெரிகின்றது.

முருக வழிபாட்டைக் கற்பிக்கும் முறையிலும் இதே குறுக்கம் உள்ளது. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டின் முதற்பாட்டு. சைவரின் பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்றது. பக்தியோடு ஓதப்படும் அந்நூலில், திருவேரகத்தில் ஈர ஆடையுடன் ஆறெழுத்து மறையை நாவுக்குள் ஓதி வழிபடும் இருபிறப்பாளர் வருகின்றனர். பழமுதிர்சோலைப் பகுதியிலோ, கோழிக்கொடி நட்டு, செந்நூல் கட்டி, ஆட்டுக்கிடாயின் குருதியோடு பிசைந்த வெள்ளரிசியைப் பலியாக இட்டு, தினை பரப்பி, குறமகள் முருகனை அழைக்கின்றாள். அவளது அழைப்புக்கும் அதே முருகன் வருகின்றான் என்பது நக்கீரர் வாக்கு. ஒன்று உயர்ந்த வழிபாடு, மற்றொன்று தாழ்ந்தது என்று அவர் தரம் பிரிக்கவில்லை. 'சிறுதெய்வம்' என்னும் சொல்லைத் தயங்காது கையாளும் ஆசிரியர்கள் இப்பகுதியை வகுப்பில் வாய்விட்டுப் படித்தல் நன்று.

அதற்காகச் சங்கப் புலவர் எல்லாரும் வெறியாட்டைப் பணிந்து ஏற்றனர் என்று கொள்ளுதலும் தவறாகும். தலைவியின் காதல் நோயை முருகனால் வந்தது என்று தாய் நம்பி வேலனை அழைக்கும் பாடல்கள் பல. நற்றிணை 34-ஆம் பாட்டில் தோழி முருகனையே நோக்கி, இந்நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கின்றாயே, நீ கடவுளேயானாலும் அறியாமை உடையாய், என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். தெய்வத்தை நகையாடுகின்ற உரிமை அச்சமுதாயத்தில் ஒரு பெண்ணுக்கு இருந்தது. அவ்வாறு பேசியதால் தெய்வம் இல்லை என்று அவள் மறுத்ததாகவும் ஆகாது. நம்பிக்கையும் எள்ளலும் ஒரே வீட்டில் வாழ்ந்தன.

இந்த நுட்பத்தை மறந்ததால் விளைந்த பெரும் பூசல் புறநானூற்று 335-ஆம் பாட்டைப் பற்றியது. மாங்குடி கிழார் பாடிய அது சிதைவுற்றுக் கிடைத்த பாடல். சிலவே பூக்கள், சிலவே உணவுகள், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கே குடிகள் என்று எண்ணிவந்து, பகைவரை எதிர்த்து வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல்தூவித் தொழத்தக்க கடவுளும் இல்லை என்று முடிக்கின்றது. பகுத்தறிவு இயக்கத்தார் இதனைக் கொண்டு பண்டைத் தமிழர்க்குக் கடவுட் கொள்கையே இல்லை என்றனர். பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்ததும், 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும் இக்கருத்துப் போக்கிற்கு இந்நாடுகளில் ஊக்கமளித்தன. மற்றொரு சாரார், இது நாகரிகம் முதிராத சிற்றூரார் பேச்சு, பொருட்படுத்த வேண்டுவதில்லை என்று ஒதுக்கினர்.

இரு சாராரும் பாட்டின் துறையைப் பார்க்கவில்லை. இதன் திணை வாகை, துறை மூதின்முல்லை. மறக்குடியின் சிறப்பை உயர்த்திப் பாடுவது அத்துறை. ஓர் ஊரின் மறத்தைப் புகழும் புலவர், இவ்வூரார்க்கு இந்தக் கல்லே கடவுள் என்கின்றார். அதனைத் தமிழகம் முழுமைக்கும் உரிய சமயக் கொள்கையாக விரித்தல் பொருந்தாது. அதே புறநானூற்றில் காரிகிழார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் கொற்றக்குடை முக்கட் செல்வரின் கோயிலை வலம்வரும்போது தாழ்க என்கின்றார். ஆவூர் மூலங்கிழார் பூஞ்சாற்றூர்ப் பார்ப்பானின் வேள்விச் சிறப்பைப் பாடுகின்றார். மாங்குடி கிழாரும் மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரும் ஒருவரே என்று கொள்வோர் உளர். அது உண்மையாயின், மதுரையில் பௌத்தப் பள்ளி, அந்தணர் பள்ளி, அமணப் பள்ளி ஆகிய மூன்றையும் மதிப்போடு வருணித்த புலவரே இதனையும் பாடினார் என்றாகும்.

இனி, அக்கல்லைத் தாழ்வாகக் கருதுவோர்க்கும் விடை வேண்டும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல் நடும் சடங்கின் நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்துகின்றது. இளங்கோவடிகள் வஞ்சிக்காண்டத்துக் காதைகளுக்கு இப்பெயர்களில் பெரும்பாலனவற்றையே சூட்டியுள்ளார். கண்ணகிக்குச் சேரன் எடுத்த கோயில், மறவனுக்கு ஊரார் நட்ட கல்லின் சடங்கு முறையிலேயே எழுந்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்தவனைக் குறிக்கின்றது. தொல்காப்பியர் வெட்சித் திணையில் ஆளும் 'ஆகோள்' என்னும் சொல்லே அக்கல்லிலும் உள்ளது. இலக்கணத்தில் மட்டுமே வாழ்ந்ததாகச் சிலர் எண்ணிய ஒரு சொல் கல்லிலிருந்து எழுந்து வந்தது. 1972-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலால் பல்லவர் காலத்துக் கற்கள் பலவும் அறிஞர் பார்வைக்கு வந்தன. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் இடம்பெற்றது. அதன் பெயர் கோவிவன் என்பதும் எழுதப்பட்டுள்ளது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நாயின் பெயர் தெரிகின்றது என்றால் எந்த மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

ஆய்வுலகில் சமயத்தைச் சமுதாயத்தோடு பிணைத்துப் பார்க்கும் முறையைத் தமிழில் வலுவாக முன்வைத்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. அவருடைய 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' 1966-இல் வெளிவந்தது. தனிநாயக அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய ஆண்டும் அதுவே. நாயன்மார் எழுச்சியை நிலவுடைமையோர்க்கும் வணிகர்க்கும் இருந்த முரணோடும், சைவ சித்தாந்தத்தைச் சோழப் பேரரசின் அமைப்போடும் இணைத்துக் காட்டியது கைலாசபதியின் துணிவு. இம்முறை இன்றும் பயன் தருவது. ஆயினும் இதனை இயந்திரம்போற் கையாளுவோர், தத்துவம் அரசமைப்பின் நிழல் என்று சொல்லி அமைந்துவிடுகின்றனர். கந்தின்முன் விளக்கேற்றிய பெண் என்ன வேண்டினாள் என்னும் வினா அவர்க்கு எழுவதில்லை. ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளியிட்ட நூலில், பறை கொட்டுவோர்க்கும் பாணர்க்கும் அணங்கு என்னும் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு இருந்தது என்று வாதிட்டார். அணங்கு என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருளை வி. எஸ். ராஜம் 1986-இல் சான்றுகளோடு மறுத்தார். சொற்பொருளில் ராஜம் கூறுவதே வலுவுடையது. எனினும், மாங்குடி கிழார் பெருமையோடு எண்ணிய நான்கு குடிகளுள் சில பின்னாளில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது எங்ஙனம் என்னும் கேள்வியை ஹார்ட் எழுப்பியது வீண்போகவில்லை.

இவையனைத்தும் தம்பின் வட்டாரத்து மாணவனுக்குத் தொலைவான செய்திகள் போலத் தோன்றும். உண்மை அதுவன்று. தம்பினிலிருந்து கெமெஞ்சே, கிம்மாஸ் நோக்கிச் செல்லும் வழியில் பால்மரக் காடுகள் நிறைந்திருந்த காலத்தில் தோட்டத்து மக்கள் முதலில் செய்தது, மரத்தடியில் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டு, மஞ்சளும் குங்குமமும் இட்டு, முனியாண்டி என்றோ மதுரைவீரன் என்றோ காளியம்மன் என்றோ பெயர் சொல்லி விளக்கேற்றியதாகும். பின்னர்த் தகரக் கொட்டகை. அதன்பின் செங்கல் சுவர். வசதி வந்த இடங்களில் கோபுரம். மதுரைவீரன் கதை, கொல்லப்பட்டுத் தெய்வமான வீரனின் கதையே. ஊருக்குப் புதியராய் வந்து, காட்டையும் காய்ச்சலையும் எதிர்த்து வாழ்ந்தோர் கல்லின்முன் நின்ற காட்சிக்கும் பட்டினப்பாலையின் பொதியிலுக்கும் இடையே ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் உள்ளன; செயலில் வேற்றுமை மிகுதியாக இல்லை. குறையும் உடன்வந்தது. தொடக்கக் காலத் தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாய்ப் பிரிந்திருந்தமையும், திருவிழாவில் யார் எப்பணியைச் செய்வது என்பதில் அப்பிரிவு தலைகாட்டியமையும் மறைக்கத்தக்கவை அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தும், மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபோது கைவிடப்பட்டவை பெரும்பாலும் இந்த மரத்தடிக் கற்களே. ஆகமக் கோயிலைக் காக்க எழுந்த குரல் அவற்றுக்காக அவ்வளவாக எழவில்லை. 'சிறுதெய்வம்' என்று வகுப்பறையில் கற்ற சொல் அங்கே தன் வேலையைச் செய்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நெகிரி செம்பிலான், மலாக்கா எல்லைப் பகுதிகளில் பழங்கால நெடுங்கற்கள் பல நிற்கின்றன. மலாய் மக்கள் அவற்றை 'பத்து ஹிடுப்', அதாவது உயிருள்ள கல், என்பர். அவை வளர்வதாகவும் நம்பிக்கை உண்டு. லிங்கிக்கு அருகே பங்காலான் கெம்பாசில் உள்ள செதுக்குக் கற்கள் வாள், கரண்டி, சுக்கான் என்று வடிவத்தால் பெயர் பெற்றவை. அவற்றின் அருகே 1467-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுடன் அகமது மஜ்னூனின் கல்லறை உள்ளது. இக்கற்களைக் கண்டவுடன் தமிழர் நட்டவை என்று மேடையில் முழங்குவோர் உளர். அதற்குச் சான்று ஒன்றும் இல்லை. கல் நட்டு நினைவு போற்றுதல் உலகில் பல இனத்தார்க்கும் பொதுவான வழக்கம். கடாரம் கொண்ட சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பு ஒன்றை வைத்து இந்நாட்டுக் கல்லையெல்லாம் உரிமை கோருவது ஆய்வாகாது. அண்டை வீட்டாரும் கல்லை உயிருள்ளதாகக் கருதினர் என்று அறிவதே மாணவனுக்குப் போதிய வியப்பளிக்கும்.

அட்டவணையை அறவே நீக்க வேண்டுவதில்லை. பாடல்களைப் படித்த பின்னர் அதனைக் கரும்பலகையில் எழுதி, எது பொருந்துகின்றது, எது பொருந்தவில்லை என்று மாணவரையே கூறச் செய்யலாம். பாட்டியைக் கேட்டு, தோட்டத்தில் எந்தத் தெய்வத்துக்கு எந்நாளில் என்ன படைத்தனர் என்று எழுதிவரச் சொல்லலாம். அவ்வேட்டின் பக்கத்தில் புறநானூற்று 306-ஆம் பாட்டை வைத்தல் தகும். அள்ளூர் நன்முல்லையார் பாடிய அதில், சிற்றூர்ப் பெண்ணொருத்தி நாள்தோறும் நடுகல்லைத் தொழுகின்றாள். அவள் செல்வம் வேண்டவில்லை. தன் வீட்டுக்கு விருந்தினர் வரவேண்டும் என்றும், தன் கணவனுக்கும் அவன் வேந்தனுக்கும் போர் வாய்க்க வேண்டும் என்றும் வேண்டுகின்றாள். முதல் வேண்டுதலைப் பாடநூல்கள் விருந்தோம்பலுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டன. இரண்டாவது எந்தத் தேர்வுத் தாளிலும் வினாவாக வருவதில்லை.