கமலாவின் மறுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பெண்ணின் திருமணம் பற்றி எழுந்த வாதங்களைப் புரட்டும்போது ஒன்று நம் கண்ணில் படுகிறது. பெண்ணுக்கு எந்த வயதில் மணம் செய்விக்கலாம், கைம்பெண்ணுக்கு மறுமணம் செய்விக்கலாமா என்றே பெரும்பாலோர் வாதிட்டனர். அவளுடைய விருப்பம் யாது என்று வினவியவர் மிகச் சிலர். அவ்வினாவை எழுப்பியவர்கள் பெண்களே.

பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்ட ருக்மாபாய், தம் சம்மதமின்றி நடந்த அம்மணத்தை ஏற்க மறுத்தார். கணவர் 1884இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கணவர் இல்லம் செல்ல வேண்டும், இன்றேல் ஆறு மாதச் சிறை என 1887இல் தீர்ப்பாயிற்று. சிறை செல்லவும் ஆயத்தமானார் ருக்மாபாய். மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னாளில் அவர் மருத்துவரானார். உயர்சாதி இந்துப் பெண்களின் துயரைப் பண்டித ரமாபாய் நூலாக வெளியிட்டதும் அதே 1887இல்தான்.

இவ்வாதங்களின் வெம்மை தணியுமுன் வெளிவந்த நாவல் கிருபாபாய் சத்தியநாதனின் 'கமலா' (1894). அகமத்நகரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த கிருபாபாய், 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் படிப்பைக் கைவிட்டு, சென்னைச் சத்தியநாதன் குடும்பத்தின் மருமகளானவர். நாவல் வெளிவந்த ஆண்டிலேயே 32 வயதில் மறைந்தார்.

தந்தையிடம் கற்று வளர்ந்த கமலா, சிறுமியாகவே புகுந்த வீடு செல்கிறாள். அவளுக்குக் கல்வி தர முனையும் கணவன் கணேஷ், வீட்டாரின் ஏளனத்துக்கு அஞ்சிப் பின்வாங்குகிறான். பின்னர் வேறொரு பெண்ணை நாடுகிறான். மாமியாரின் சுடுசொல், நாத்திகளின் குத்தல், அடுக்களையின் அயர்வு ஆகியவற்றைப் பெண்ணின் கண்கொண்டு விவரிக்கும் பக்கங்களே நாவலின் உயிர். சீர்திருத்த மேடைகள் எட்டாத இடம் அது.

கணவன் இறந்தபின், அவளை நேசிக்கும் ராமச்சந்தர் மணம்புரிய வேண்டுகிறான். கமலா மறுக்கிறாள். பழைய சமயப் பிணைப்பே அவளைத் தடுத்தது என ஆசிரியர் வருந்துகிறார். ஆசிரியரின் அவ்விளக்கத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. வழக்கத்துக்கு மட்டுமே பணிந்தவளாயின் அவள் மூலையில் ஒடுங்கியிருப்பாள். அவளோ தன் செல்வத்தைத் தானே ஆண்டு, அறப்பணிகளுக்கு ஈந்து வாழ்கிறாள். அம்மறுப்பில் அச்சமும் உண்டு, உரிமையும் உண்டு. இரண்டையும் பிரிக்க இயலாதபடி வரைந்திருப்பதே நாவலின் நேர்மை.

நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) இங்கு நினைவுக்கு வருகிறது. அதன் ஞானாம்பாள் ஆணுடை தரித்து நாடாள்கிறாள். பின் ஆட்சியைத் துறந்து இல்லறம் திரும்புகிறாள். அறிவில் ஆணுக்குக் குறையாதவள் பெண் என்று நிறுவிய பெருமை அந்நூலுக்கு உண்டு. ஆயினும் ஞானாம்பாளுக்குத் திருமணம் ஒரு கேள்வியாகவே எழவில்லை. அதைக் கேள்வியாக்கிய துணிவு கிருபாபாயுடையது.

மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்பது நம் திருச்சபையின் போதனை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மீன் விற்றும், தொழிற்சாலையில் உழைத்தும் குடும்பம் தாங்கும் பெண்களை நாம் அறிவோம். அவர்கள் மகள்களுக்காக மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. தடையுண்டா என ஊரைக் கேட்கிறோம். அதற்குமுன் நகையும் தொகையும் மண்டபமும் பேசி முடித்துவிடும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா? பீடத்தின்முன் குருவானவர் கேட்கும் கேள்விதான் அவளை நோக்கிய முதற்கேள்வி என்றால், 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு அங்கே இடமேது? அவ்விடம் இல்லாதவள் சொல்லும் 'ஆம்' எவ்வாறு முழுச் சம்மதமாகும்?

நூற்றாண்டு கடந்தும் 'கமலா' நம்மிடம் கேட்பது இதைத்தான். பெண்ணைப் பெற்றோரும், பிள்ளையைப் பெற்றோரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டிய நூல் இது.