பாண்டைவிட நமக்கு அதிகம் தெரிந்த படம்

ஜேம்ஸ் பாண்ட் படங்களில் எது உசத்தி என்று யார் கேட்டாலும் நான் யோசிப்பதே இல்லை. 1963இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’தான்! முதல் படமான ‘டாக்டர் நோ’ வந்து ஒரே வருடத்தில் எடுத்த இரண்டாவது படம். அதே ஷான் கானரி, அதே இயக்குநர் டெரன்ஸ் யங். ஆனால் எங்கேயோ போய்விட்டார்கள்.

‘டாக்டர் நோ’வும் எனக்குப் பிடிக்கும். ஜமைக்கா வெயில், கடலிலிருந்து எழுந்து வரும் உர்சுலா ஆண்ட்ரஸ், எல்லாம் அழகு. ஆனால் வில்லன் முகத்தைப் பார்க்கவே படத்தின் கடைசிப் பகுதிவரை காத்திருக்க வேண்டும். வந்தால் ஒரு விருந்து, கொஞ்சம் பேச்சு, ஓர் அணு உலை, அவ்வளவுதான்.

இரண்டாவது படத்தில் டைட்டிலுக்கு முன்பே எதிரி வந்துவிடுகிறான். இருட்டுத் தோட்டத்தில் பாண்டைப் பின்தொடர்ந்து, கைக்கடிகாரத்திலிருந்து மெல்லிய கம்பியை உருவிக் கழுத்தை இறுக்குகிறான். செத்தவனின் முகமூடியைக் கழற்றினால் வேறு யாரோ! நடந்தது வெறும் ஒத்திகை. அந்தக் கொலைகாரன் ரெட் கிராண்டாக வரும் ராபர்ட் ஷா, இஸ்தான்புல் முழுக்க வாயே திறக்காமல் பாண்டின் பின்னாலேயே அலைகிறார். ஜிப்சி முகாம் சண்டையில் பாண்டின் உயிரைக் காப்பாற்றுவதுகூட அவர்தான். சோவியத்தின் லெக்டர் என்ற சங்கேதக் கருவி கைக்கு வரும்வரை பாண்ட் பிழைத்திருக்க வேண்டுமே! இதெல்லாம் நமக்குத் தெரியும், பாண்டுக்குத் தெரியாது. அந்தத் தவிப்பிலேயே நான் சீட்டு நுனிக்கு வந்துவிடுவேன்.

பிறகு அந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ். ஸாக்ரெப் ஸ்டேஷனில் பிரிட்டிஷ் உளவாளி நாஷைத் தீர்த்துக்கட்டிவிட்டு அவர் பெயரிலேயே கிராண்ட் ரயிலேறுகிறான். சாப்பாட்டு மேஜையில் மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான். நாகரிகம் தெரிந்த ஆங்கிலேயன் எவனும் கேட்க மாட்டான். ஆனால் பாண்டுக்கு அது உறைக்கும்போது துப்பாக்கிமுனையில் மண்டியிட்டிருக்கிறார். தன் பெட்டியில் ஒளித்திருந்த 50 தங்க நாணயங்களைக் காட்டி ஆசை மூட்டுகிறார். நாஷின் பெட்டியிலும் இருக்குமா என்று கிராண்ட் தானே திறக்கிறான். பூட்டைத் திருப்பாமல் திறந்தால் கண்ணீர்ப்புகை வெடிக்கும் என்று, பாண்டுக்குக் கருவிகள் தரும் அதிகாரியாக வரும் டெஸ்மண்ட் லெவலின் (அவர் முதன்முதலாகத் தலைகாட்டிய பாண்ட் படம் இது) முன்பே விளக்கியிருப்பார். வெடிக்கிறது!

அதற்குப் பிறகு வரும் சண்டைக்கு ஈடு இன்றுவரை நான் பார்த்ததில்லை. குறுகலான பெட்டி, நீல வெளிச்சம், பின்னணி இசையே கிடையாது. ரயில் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும். கானரியும் ஷாவும் பெரும்பகுதியைத் தாங்களே போட்ட சண்டை. எடிட்டர் பீட்டர் ஹன்ட்டின் வெட்டுகள் ஒவ்வொன்றும் நம் மேல் விழும் குத்து. கடைசியில் கிராண்டின் கழுத்தை இறுக்குவது அவனுடைய அதே கடிகாரக் கம்பி.

இஸ்தான்புல்லில் பாண்டுக்குத் துணை நிற்கும் கெரிம் பேயைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வேடத்தில் பெட்ரோ அர்மெண்டாரிஸ் புற்றுநோயின் கடும் வலியோடு நடித்தார். படம் வெளியாகும்போது அவர் உயிரோடு இல்லை. திரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நம்பவே முடியாது. ‘டாக்டர் நோ’வில் பாண்டுக்கு இப்படி ஒரு தோழன் வாய்க்கவில்லை.

லோட்டே லென்யாவின் ரோஸா கிளெப் இன்னொரு அதிசயம். ஹோட்டல் பணிப்பெண் வேடத்தில் வந்து, ஷூ முனையில் விஷக்கத்தி நீட்டி உதைக்கப் பாயும் அந்தக் குள்ள உருவத்தைப் பார்த்த பிறகு, டாக்டர் நோவின் இரும்புக் கைகள் எனக்குப் பயமாகவே தெரிவதில்லை.