வானத்துக்கும் மனிதனுக்கும் நடுவில்

கரிசல் எழுத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்தே தொடங்குகிறார்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று விரியும் அந்தக் கறுப்பு நிலத்துக்கு அப்படிப் பேசவைக்கும் குணம் உண்டு. களி மிகுந்த மண். மழை விழுந்தால் ஊதிப் பருத்துக் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு அங்கே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொடுப்பதைத் தன் ஈரத்தில் பிடித்துவைத்து, பருத்தியையும் கம்பையும் உளுந்தையும் மல்லியையும் அந்த மண்தான் கரைசேர்க்க வேண்டும். மழை சில வாரம் தள்ளிப்போனால் ஒரு குடும்பத்தின் அந்த வருஷக் கணக்கே புரண்டுவிடும். இப்படியொரு மானாவாரிப் பூமியில் பிறந்தவன் வானத்தைப் பற்றி எழுதாமல் எப்படி இருப்பான் என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு விமர்சனச் சோம்பல் ஒளிந்திருக்கிறது. மண் இப்படி, ஆகவே எழுத்து இப்படி என்று சொல்லிவிட்டால், நல்ல கரிசல் கதையையும் மோசமான கரிசல் கதையையும் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போகிறது. இரண்டிலும் வெயில் ஒரே அளவுதான் அடிக்கிறது. என் கருத்து இது: சொந்த மண்ணின் வெயிலும் மழையும் குளிரும் நேராக வந்து மனிதர்மேல் இறங்கும் எழுத்து பலவீனமாகிறது, மனிதர்கள் ஏற்படுத்திவைத்த ஏதோ ஒன்றின் வழியாக, ஒரு வரி, ஒரு கூலி, ஒரு மடை, ஒரு சாதி எல்லை வழியாக வந்து இறங்கும்போதுதான் பருவநிலை கதையாகிறது.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை இதற்கு முதல் சான்றாக வைக்கலாம். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வேலை தேடிப்போன தகப்பனிடமிருந்து தகவல் இல்லை. கதவற்ற வீட்டுக்குள் இரவெல்லாம் குளிர் நுழைகிறது. கைக்குழந்தை நோயில் விழுந்து இறக்கிறது. இந்தக் கதையில் குளிரைப் பற்றிய வருணனை மிகக் குறைவு. வருணிக்க வேண்டிய தேவையே கி.ரா.வுக்கு ஏற்படவில்லை. கதவு இருக்கும்வரை அது எல்லா வருஷமும் வந்துபோகிற வாடை. கதவு போன பிறகு அது சாவைக் கொண்டுவரும் காற்று. காற்று மாறவில்லை, அதற்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவில் இருந்த ஒரு மரப்பலகையை அரசு எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். குழந்தையைக் கொன்றது எது என்று கேட்டால் குளிர் என்றும் சொல்லலாம், தீர்வை என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரிக்க முடியாதபடி பின்னியிருப்பதில்தான் அந்தச் சிறுகதையின் பலம் இருக்கிறது. ஊரின் பருவத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த ஒருவரால்தான் இவ்வளவு குறைவாகச் சொல்லி இவ்வளவு நிகழ்த்த முடியும். பிறந்த மண் எழுத்தாளனுக்குத் தருகிற உண்மையான உதவி இதுவே. எதைச் சொல்லாமல் விடலாம் என்கிற தைரியத்தை அது தருகிறது.

1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’ நாவலிலும் இதே கை தெரிகிறது. காட்டுப் பாதையில் நடந்து வருகிற சூலிப் பெண் தாகம் தாங்காமல் நீர்நிலையில் இறங்குகிறாள். அவள் காதில் கிடக்கும் தங்கத்துக்காக ஒரு கள்வன் அவளைத் தண்ணீரில் அமுக்குகிறான். அவள் அவன் கால் விரலைக் கடித்த பல்லை விடாமலே இறக்கிறாள். தண்ணீர் அரிதான நிலத்தில் தண்ணீர் இருக்கும் இடம் எல்லோரும் வந்தே தீரவேண்டிய இடம், ஆகவே பதுங்குகிறவனுக்கும் வசதியான இடம் என்ற அறிவு அந்தக் காட்சிக்குள் இருக்கிறது. நிலவியல் அங்கே குற்றத்தின் இலக்கணமாகிவிடுகிறது. வடக்கேயிருந்து தப்பி வந்த தெலுங்குக் குடும்பங்கள் காட்டை எரித்துக் கரிசலை விளைநிலமாக்கும் பகுதியும் அப்படியே. கி.ரா.வின் மண், எப்போதும் அங்கே இருந்த ஒன்று அல்ல. வந்தேறிய மனிதர்கள் உண்டாக்கிக்கொண்டது. ‘மண்ணின் மைந்தர்’ என்ற பெருமையோடு கரிசல் இலக்கியத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இந்த இடத்தை அதிகம் பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. அந்த மரபின் தலைமகன் எழுதிய முதல் பெரும் நாவலே ஒரு குடிபெயர்வின் கதை.

ஆனால் கி.ரா.வின் உலகத்தில் ஒரு குறையும் இருக்கிறது. நிலம் வைத்திருப்பவரின் திண்ணையிலிருந்து பார்த்த வானம் அது. மழை பொய்த்தால் சம்சாரி, அதாவது சொந்த நிலத்தில் உழுகிறவன், தவிப்பதை அவர் எழுதியது போல, அதே மழை பொய்த்தால் சம்சாரியின் காட்டில் கூலிக்கு இறங்குகிறவன் தவிப்பதை எழுதியதில்லை என்று சொல்வது முழு நியாயம் ஆகாது. எழுதியிருக்கிறார், ஆனால் பக்கத்து வீட்டுத் துயரமாக. அந்தப் பக்கத்திலிருந்து எழுத இன்னொருவர் வர வேண்டியிருந்தது. 1979இல் பூமணியின் ‘பிறகு’ வந்தபோது கரிசலின் பார்வைக் கோணமே இடம் மாறிவிட்டது. அதன் மையத்தில் இருக்கும் அழகிரி தோல் வேலை செய்கிறவர். கிணற்றுப் பாசனமும் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையும் இருந்த காலத்தில் தண்ணீர் மேலே வர மாடு மட்டும் போதாது. தோலைத் தைத்துத் தருகிற ஒருவரும் வேண்டும். வறண்ட நிலத்தின் தண்ணீர்த் தேவையே அவரை ஊருக்கு இன்றியமையாதவர் ஆக்குகிறது. ஊரின் ஒழுங்கு அவரை எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. இந்த முரண் கரிசல் மண்ணின் குணத்திலிருந்து தானாக முளைத்ததல்ல. ஆனால் கரிசல் மண் இல்லாமல் அது இந்த வடிவத்தில் வந்திருக்கவும் முடியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘வெக்கை’ இன்னும் கூர்மையானது. தலைப்பே பருவநிலை. அண்ணனின் கொலைக்குப் பழிவாங்கிய பதினைந்து வயதுச் சிறுவனும் அவன் அய்யாவும் காடு, ஓடை, மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். நிலத் தகராறுதான் எல்லாவற்றுக்கும் வேர். இந்த நாவலில் நிலக்காட்சி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆனால் ஓர் இடத்தில்கூட ரசிப்பதற்காக வரவில்லை. எந்த மரத்தடியில் உட்கார்ந்தால் தூரத்திலிருந்து தெரியாது, எந்தப் பள்ளத்தில் இன்னும் ஊற்று இருக்கும், எந்தக் காய் பசி தாங்கும், புகை மேலே போகாமல் எப்படிச் சமைப்பது: தலைமறைவாக இருப்பவனுக்குத் தெரிய வேண்டியது எதுவோ அதுமட்டுமே நமக்கும் தெரிகிறது. தன் காட்டிலேயே நிம்மதியாக நிற்க விடாமல் துரத்தப்பட்டவர்களுக்கு ஊரின் புவியியல் மொத்தமும் மனப்பாடமாக இருக்கிறது என்பதில் உள்ள வலியை பூமணி ஒரு வார்த்தையாலும் விளக்குவதில்லை. தமிழில் நிலம் இவ்வளவு இறுக்கமாகச் செயலோடு கட்டப்பட்ட நாவல்கள் மிகச் சிலவே என்பது என் துணிபு.

எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது வெயிலைப் பாத்திரமாக்கும் போக்கு. எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’யில் வேம்பலை என்ற ஊரின் மேல் வெயில் ஏறக்குறைய ஓர் உயிரைப் போல நடமாடுகிறது. அந்த மொழியின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை; வெக்கையில் கிறங்கிய மனம் உலகை எப்படிப் பார்க்கும் என்பதை அவர் காட்டியது போல எதார்த்தவாத நடையால் காட்டிவிட முடியாது. அந்த ஊரின் வேம்பர்கள்மேல் வெள்ளை ஆட்சி நடத்திய கொடுமையின் நினைவும் அந்த நாவலுக்குள் இருக்கிறது, அதுவே அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. ஆயினும் அவரைப் பின்பற்றி எழுதியவர்களிடம் வெயில் மட்டும் தங்கிவிட்டது, ஆட்சி கழன்று போய்விட்டது. வெயிலுக்கு விருப்பமும் கோபமும் வந்துவிட்டால் மனிதர்களைப் பொறுப்பேற்கச் சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. ஊர் காலியாகிறது, வெயில் காலியாக்கிவிட்டது; பிள்ளைகள் படிப்பை விட்டார்கள், வெயில் தின்றுவிட்டது. கரிசல் வட்டாரத்தின் உண்மை வேறு. அந்த வறண்ட காற்று தீப்பெட்டி காய்வதற்கும் வெடிமருந்து காய்வதற்கும் ஏற்றதாக இருந்ததால்தான் சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் அந்தத் தொழில்கள் வேர் பிடித்தன. விடியும் முன் பிள்ளைகளை வண்டியில் ஏற்றித் தீப்பெட்டி ஆபீசுக்குக் கொண்டுபோன காலம் நெடுநாள் நீடித்தது. அங்கே பிள்ளைகளின் படிப்பைத் தின்றது வெயில் அல்ல. மழையில்லாத நிலத்தில் கூலி எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்துவைத்திருந்த சந்தை.

சோ. தர்மனின் ‘சூல்’ இந்த விவாதத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய நூல். தன் சொந்த ஊரான உருளைக்குடியின் கண்மாயை மையமாக்கி அவர் எழுதிய இந்த நாவலுக்கு 2019இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. மழைக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பது கண்மாய். கரை, மடை, கலிங்கல், மீன், மரம், தூர்வாருதல், குடிமராமத்து என்று ஓர் ஊர் தன் வானத்தைத் தரையில் எப்படிச் சேமித்தது என்பதை அவ்வளவு நுணுக்கமாகத் தமிழில் வேறு யாரும் எழுதவில்லை. விடுதலைக்குப் பிறகு அந்த ஒழுங்கு எப்படிக் குலைந்தது என்பதையும் அவர் கோபத்தோடு சொல்கிறார். அந்தக் கோபத்துக்கு எல்லா நியாயமும் உண்டு. எனக்குள்ள தயக்கம், பழைய ஒழுங்கின்மேல் நாவல் காட்டும் பரிவு பற்றியது. கண்மாய் பொதுச் சொத்துதான். ஆனால் அதன் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய்ந்தது, எந்தத் துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற கேள்விகளை அந்தப் பரிவு மங்கலாக்கிவிடுகிறது. இதே எழுத்தாளர்தான் 2005இல் ‘கூகை’யில் தலித் வாழ்வை நிலவுடைமையின் பிடிக்குள் வைத்துத் தயங்காமல் எழுதியவர். ‘கூகை’யின் கண் ‘சூல்’ எழுதும்போது பாதி மூடியிருந்ததற்குக் காரணம் அந்தக் கண்மாயின்மேல் அவர் வைத்திருந்த அன்புதான் என்று நினைக்கிறேன். சொந்த ஊரின்மேல் உள்ள பற்று ஒருவரை எழுதத் தூண்டும். அதுவே, ஊரின் அழகிய உறுப்பைக் காப்பாற்றும் பொருட்டு அசிங்கமான உறுப்பைத் தள்ளிவைக்கவும் தூண்டும்.

மண்ணில் பிறந்தால்தான் எழுத முடியும் என்ற வாதத்தையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். கி.ரா. பிறந்த அதே இடைசெவலில்தான் கு. அழகிரிசாமியும் பிறந்தார், இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, நண்பர்கள். ஒரே மண், ஒரே மழை. ஆனால் அழகிரிசாமி சென்னைக்கும் மலேசியாவுக்கும் போனார், கரிசலைப் பின்னணியாகக் கொண்டபோதும் மண்ணைவிட மனத்தின் நுண்மைகளையே அதிகம் தேடினார். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் ஏழ்மை இருக்கிறது, ஊர் இருக்கிறது, நிலவியல் பாடம் இல்லை. நிலம் எழுத்தைத் தீர்மானித்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைக்காது. இன்னொரு முனையில் ராஜம் கிருஷ்ணன். முசிறியில் பிறந்தவர், தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய்ப் பழகி, தொழிலாளர்களின் வாழ்வை ‘கரிப்பு மணிகள்’ ஆக்கினார். உப்பளத்தில் மழை எதிரி. தூறல் விழுந்தால் விளைந்த உப்பு கரையும், வேலை நிற்கும், கூலி போகும். சில மைல் தள்ளி மேற்கே கரிசல் சம்சாரி எந்த மேகத்துக்காகக் கை கூப்பி நிற்கிறானோ, அதே மேகத்தைக் கண்டு உப்பளக்காரி வயிற்றில் அடித்துக்கொள்கிறாள். ஒரே மாவட்டத்து வானத்துக்கு இரண்டு அர்த்தங்கள். அர்த்தத்தைத் தருவது வேலை. வெளியிலிருந்து வந்தவருக்கு இந்த வேறுபாடு பளிச்சென்று பட்டதில் வியப்பில்லை. அவருக்குக் குறைவாகக் கிடைத்தது பேச்சு. அவருடைய மாந்தர்கள் பேசும்போது தகவல் சற்று முன்னால் நிற்கிறது, கி.ரா.வின் மாந்தர்கள் பேசும்போது தகவல் பேச்சுக்குள் கரைந்திருக்கிறது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர் கி.ரா. பிறந்த மண் தருகிற அனுகூலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், காட்சியில் அல்ல, காதில் என்றுதான் சொல்வேன்.

திணைக் கோட்பாட்டை முன்வைத்து ஒரு மறுப்பு எழக்கூடும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த மரபு நம்முடையது; நிலத்துக்கு இரண்டாம் இடம் கொடுப்பது அந்த மரபுக்கு விரோதம் அல்லவா? தொல்காப்பியத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: முதல், கரு, உரி என்ற மூன்றில் ஒன்றைவிட ஒன்று சிறப்புடையதாக ஏறி, உரிப்பொருளில்தான், அதாவது மனித ஒழுக்கத்தில்தான், பாட்டு முடிகிறது. நிலமும் பொழுதும் இல்லாமலும் அகப்பாட்டு உண்டு; உரிப்பொருள் இல்லாமல் இல்லை. திணையை இன்றைய வட்டார எழுத்துக்குச் சான்றிதழாக நீட்டுகிறவர்கள் மரமும் பறவையும் பட்டியலிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மரபு அதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்கிறது.

வட்டார எழுத்தை வாசிக்கிற நகரத்து வாசகர்களிடம் ஓர் எதிர்பார்ப்பு வளர்ந்திருக்கிறது. அது எழுத்தையும் கெடுக்கிறது. கம்பங்கஞ்சியும் பருத்திமாரும் பனைமரமும் கொண்ட கரிசல் அவர்களுக்கு வேண்டும். இன்றைய கரிசலில் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் நிற்கிறது, கோவில்பட்டியை ஒட்டி நான்குவழிச் சாலை ஓடுகிறது. பக்கத்து ராமநாதபுர மாவட்டத்தில் கமுதிக்கு அருகே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. எந்த வெயிலைப் பற்றி மூன்று தலைமுறை கதை எழுதியதோ அந்த வெயில் இப்போது ஒரு நிறுவனத்தின் வருமானம். தரிசு என்று பேர் எழுதப்பட்ட காட்டில் ஆடு மேய்த்தவர்கள், விறகு வெட்டியவர்கள், பட்டா இல்லாதவர்கள் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள் என்பது முழுக்க முழுக்க நாவலுக்கு உரிய பொருள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் வழக்கமாக ஓர் ஆண்டு முழுவதும் காண்பதைவிட அதிகம். கண்மாய்கள் உடைந்தன. புரட்டாசிக் காற்றை வைத்து ஐப்பசியைக் கணிக்கும் அறிவு, கி.ரா. கதைகளில் கிழவர்கள் சொல்லிச் சொல்லிக் கடத்திய அந்த அறிவு, இந்த வானத்துக்குப் போதவில்லை. அதற்காக எழுத்தாளர் வானிலை விஞ்ஞானி ஆக வேண்டாம். உடைந்த கரை எத்தனை வருஷம் பராமரிக்கப்படாமல் கிடந்தது, உபரி நீர் போகும் ஓடையை யார் மறித்துக் கட்டினார்கள், வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணப் பட்டியலில் யார் பெயர் முதலில் ஏறியது, எந்தத் தெருவின் பெயர் ஏறவே இல்லை என்று விசாரிக்கத் தெரிந்தால் போதும்.