ஓரியின் அம்பும் நம் உரைகளும்

புறநானூற்றின் 152ஆம் பாட்டைத் தமிழ் பயின்ற பலரும் அறிவார்கள். வன்பரணர் பாடியது. கொல்லிமலைக்கு உரிய வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமான் கலையை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலில் தைத்து நின்றது என்பது அதில் வரும் செய்தி. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய பிறகு இச்செய்தி ஏட்டிலிருந்து மேடைக்கு வந்தது. அங்கே அது இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. ஒரு சாரார், ஐந்து விலங்குகளை ஓர் அம்பு துளைத்தது வரலாற்று உண்மை, பண்டைத் தமிழரின் விஞ்ஞானத்துக்குச் சான்று என்பர். மற்றொரு சாரார், வெறும் புளுகு என்று புத்தகத்தை மூடிவிடுவர். இரு சாராருமே பாட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் கருத்து. முதலில் அம்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பிறகு பாட்டுக்கு வருவோம்.

வில் என்பது ஆற்றலைச் சேர்த்து வைக்கும் ஒரு கருவி. நாணை இழுக்க இழுக்க விசை பூச்சியத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. ஆகையால் இறுதி விசையில் பாதியை இழுத்த தூரத்தால் பெருக்கினால் சேமித்த ஆற்றல் ஏறத்தாழக் கிடைக்கும். ஒரு நல்ல வேட்டை வில்லுக்கு 300 நியூட்டன் விசை, அரை மீட்டர் இழுப்பு என்று கொள்வோம். சேமித்த ஆற்றல் 75 ஜூல். இதில் மூன்றில் ஒரு பங்கை, விரைந்து நிமிரும் வில்லின் மரமே எடுத்துக்கொண்டுவிடும். மீதி 50 ஜூல், 50 கிராம் நிறையுள்ள அம்புக்கு வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தைத் தரும். அதாவது மணிக்கு 160 கிலோமீட்டர்.

ஓரியின் பட்டப்பெயரே வல்வில். ஆகவே அவனுக்கு இன்னும் வலிய வில்லைக் கொடுப்பதே நியாயம். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயக் கப்பல் 1982இல் கடலிலிருந்து மேலே கொண்டுவரப்பட்டது. அதில் கிடைத்த நெடுவில்களில் சிலவற்றை வளைக்க 70 கிலோகிராம் எடையைத் தூக்குமளவு விசை வேண்டியிருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வில்லை ஓரியின் கையில் கொடுத்தால், 700 நியூட்டன் விசையும் 0.6 மீட்டர் இழுப்பும் சேர்ந்து 210 ஜூல் ஆகும். அம்புக்குச் சேருவது 140 ஜூல். நூறு கிராம் அம்பு வினாடிக்கு 53 மீட்டர் வேகத்தில் புறப்படும்.

வாசகர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 கிராம் நிறையுள்ள துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 3200 ஜூல். நம் அம்பின் ஆற்றல் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உந்தத்தைப் பாருங்கள்: குண்டுக்கு 8 அலகு என்றால் அம்புக்கு 5.3 அலகு. மூன்றில் இரண்டு பங்கு! தவிரவும், குண்டு சதையைச் சிதைத்து ஆற்றலை இழக்கிறது. அம்போ கூரிய முனையால் அறுத்துக்கொண்டு, ஒல்லியான தண்டோடு அதே வழியில் நுழைகிறது. குறைந்த ஆற்றலில் அது ஆழமாகப் பாய்வதன் இரகசியம் இதுதான். ஆகவே 'அம்பாவது, துளைப்பதாவது' என்று சிரிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

ஆயினும் ஐந்து விலங்குகள்? சதை சராசரியாக 200 நியூட்டன் விசையோடு எதிர்க்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 140 ஜூல் ஆற்றல் 70 சென்டிமீட்டர் ஆழத்தில் தீர்ந்துவிடும். மானின் உடல் 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் அம்பு மறுபுறம் வந்துவிடும். அப்போது அதன் வேகம் 40 மீட்டராகக் குறைந்திருக்கும். எலும்பில் படாமல் போனால் மெலிந்த இன்னொரு விலங்கையும் அது தாக்கக்கூடும். யானையின் கதை வேறு. தோலே சில இடங்களில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனம்; உடல் அகலமோ ஒரு மீட்டருக்கு மேல். உள்ளே போன அம்பு வெளியே வராது. நான்கு விலங்குகளின் அகலத்தையும் கூட்டினால் இரண்டு மீட்டருக்கு மேல் போகிறது. எலும்பை விட்டுவிட்டால்கூட 400 ஜூல் வேண்டும், அதாவது மூன்று ஓரிகள் வேண்டும்.

வில்லை மும்மடங்கு வலிதாக்கினால் என்ன என்று மாணவர் கேட்பது வழக்கம். வில்லின் மரமும் கனக்குமே! கனத்த மரம் தன்னையே தள்ளிக்கொள்வதில் ஆற்றலைச் செலவிடும். அம்பின் விறைப்பும் வில்லுக்கு ஏற்றபடி இருந்தாக வேண்டும். நாண் தள்ளும் கணத்தில் அம்பு வளைந்து, நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1930களில் எடுத்த அதிவேகப் புகைப்படங்கள் இதைத் தெளிவாகக் காட்டின. மெலிந்த அம்பை மிக வலிய வில்லில் தொடுத்தால் இலக்குக்குப் போகாது, ஒடிந்து எய்தவன் கையைக் குத்தும்.

சரி, கணக்கு முடிந்தது: பாட்டில் சொன்னபடி நடந்திராது. ஆனால் பாட்டு இத்துடன் முடிந்துவிட்டதா? விலங்குகளின் வரிசையை மீண்டும் பாருங்கள். யானையின் விலாப்புறம் ஓர் ஆள் உயரத்தில் இருக்கிறது. புலியும் புள்ளிமானும் இடுப்பளவு. பன்றி சற்றுத் தாழ்வு. உடும்பு புற்றில், தரையோடு தரையாக. தோளுயரத்தில், தரைக்கு 1.5 மீட்டர் மேலே கிடையாக எய்த அம்பு 0.55 வினாடியில் தரையைத் தொடும். அதற்குள் அது கடக்கும் தூரம், முதலில் சொன்ன 45 மீட்டர் வேகத்தில், 25 மீட்டர். வழியில் வேகம் குறையக் குறைய வளைவு செங்குத்தாகும். (கொல்லிமலையின் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஓரிக்கு அது உதவியிருக்கலாம்; இந்தத் தூரத்தில் அந்த உதவி ஒரு விரல் அகலம்கூடத் தேறாது.)

வன்பரணர் பரவளைவை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் மேடைப் பேச்சாளரின் தவறு எனக்கும் ஒட்டிக்கொள்ளும். அம்பு தாழும், வலி இழக்கும், எங்கேனும் நின்றே தீரும் என்பதைக் காட்டில் திரிந்த எவரும் கண்ணால் கண்டிருப்பார்கள். புராணங்களில் அம்பு தன் வேலையை முடித்துத் தூணிக்குத் திரும்பிவிடும். இந்தப் பாட்டின் அம்பு திரும்பவில்லை. மிகப் பெரிய உயிரில் தொடங்கி மிகச் சிறிய உயிரில், மண் புற்றில், சிக்கிக்கொள்கிறது. மிகைப்படுத்தும்போதும் புலவர் இயற்கையின் ஒழுங்கைக் கைவிடவில்லை. பாட்டின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது. 'புளுகு' என்று தள்ளுபவர் இதைத் தவறவிடுகிறார்.

'வரலாறு' என்று கொள்பவர் தவறவிடுவது இன்னும் பெரிது. இதைச் சொல்பவன் ஒரு பாணன். பரிசில் வாழ்க்கையினன், வள்ளலைப் புகழ்வது அவன் தொழில். அளவு நாடா கொண்டு போனவன் அல்லன். பாட்டின் பிற்பகுதியில், இவ்வளவு பெரிய வேட்டுவன் தன்னைப் புகழக் கேட்டு நாணுகிறான். பெயரைக்கூடச் சொல்லாமல் இறைச்சியும் கள்ளும் தந்து, கொல்லிமலைப் பொன்னும் மணியும் கொடுக்கிறான். கடையெழு வள்ளல்களுள் அவனைச் சேர்த்தது இந்தக் கொடைதான். நம் உரைகள் அம்போடு நின்றுவிடுகின்றன. நாணத்தையும் கொடையையும் ஓரிரு சொல்லில் முடித்துவிடுகின்றன. புகழ்ந்தால் கூசிய ஒருவனுக்கு, அவன் செய்திராத ஒன்றை வரலாறாக்கிப் புகழ் சேர்க்கிறோம். வகுப்பில் இதை உண்மையென்று எழுதி, அடுத்த மணியில் ஆற்றல் அழிவின்மை விதியையும் எழுதும் மாணவன் இரண்டில் எதை நம்புவான்?

ஆடி மாதம் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா எடுக்கிறார்கள். வில்வித்தைப் போட்டிகளும் நடப்பதுண்டு. போனால் எய்பவருக்குப் பின்னால் நில்லாதீர்கள்; அங்கிருந்து பார்த்தால் அம்பு நேர்க்கோட்டில் போவதுபோலவே தோன்றும். பாதுகாப்பான தொலைவில், பக்கவாட்டில் நின்று பாருங்கள். 45 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் தூர இலக்கைத் தொட வேண்டுமானால், அம்பு நடுவழியில் நேர்க்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு சாண் மேலே எழும்பித்தான் இறங்க வேண்டும்.