இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும் ஒரு தீக்குச்சியும்

ஒரு படத்தில் நாலு காட்சி இருட்டில் நடந்து, அதில் ரெண்டில் மழையும் பெய்துவிட்டால் போதும். 'நுவார் பாணிப் படம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஹீரோ சிகரெட்டும் பிடித்தால் சந்தேகமே இல்லை. அப்படிப் பார்த்தால் கரன்ட் போன வீடெல்லாம் நுவார்தான்!

'ஃபிலிம் நுவார்' என்பது பிரெஞ்சு. நேர் அர்த்தம், கறுப்புப் படம். வேடிக்கை என்னவென்றால், நாற்பதுகளில் அந்தப் படங்களை எடுத்த ஹாலிவுட்காரர்களுக்கு தாங்கள் எடுப்பது நுவார் என்று தெரியாது. க்ரைம் படம், மெலோடிராமா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் பிடியில் இருந்த பாரிஸுக்கு யுத்த வருஷங்களில் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. யுத்தம் முடிந்து 1946-ல் மொத்தமாக வந்து இறங்கின. 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'லாரா', 'டபுள் இன்டெம்னிட்டி' என்று வரிசையாகப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். என்ன ஆச்சு இந்த அமெரிக்கர்களுக்கு, ஏன் இப்படிக் கசந்துபோனார்கள்? நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அந்த வருஷம் இவற்றுக்குச் சொன்ன பெயர்தான் இன்றுவரை நிலைத்துவிட்டது.

பட்டியல் போட்டு இலக்கணம் சொல்வதைவிட, ஒரு படத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். பில்லி வைல்டர் இயக்கி 1944-ல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி'. இதைப் பார்த்துவிட்டால் நுவார் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஹீரோ போலீஸும் இல்லை, ரவுடியும் இல்லை. வால்டர் நெஃப், லாஸ் ஏஞ்சலஸில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சிரித்த முகம், நல்ல கோட்டு, கொஞ்சம் வாய். நடுராத்திரியில் தோளில் குண்டுக் காயத்தோடு ஆபீஸுக்கு வருகிறான். நாற்காலியில் சாய்ந்து, டிக்டாஃபோனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு வாக்குமூலம் சொல்கிறான். கொன்றது நான்தான். பணத்துக்காகச் செய்தேன், ஒரு பெண்ணுக்காகச் செய்தேன். பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை.

முதல் பத்து நிமிஷத்துக்குள் க்ளைமாக்ஸையே சொல்லிவிட்டார்கள். அப்புறம் எதற்கு மிச்சப் படம் என்று கேட்பீர்கள். இதுதான் நுவாரின் முதல் அடையாளம். அடுத்து என்ன நடக்கும் என்பதில் அதற்கு அக்கறை இல்லை. எந்த இடத்தில் தப்ப ஆரம்பித்தது என்பதுதான் அதன் கேள்வி. முடிவு தெரிந்தபின் பார்க்கும்போது, அவன் காலிங்பெல் அடிப்பதுகூட வயிற்றைப் பிசைகிறது. தலையெழுத்து என்று நாம் சொல்வோமே, அது மாதிரி. ஆனால் இங்கே எழுதியது அவன் கையெழுத்திலேயே.

கதை சின்னதுதான். கார் பாலிசியைப் புதுப்பிக்க ஒரு வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்காரர் இல்லை. மனைவி ஃபிலிஸ் இருக்கிறாள், காலில் கொலுசு மாதிரி ஒரு சங்கிலியோடு. புருஷனுக்கே தெரியாமல் அவர் பேரில் விபத்து பாலிசி எடுக்க முடியுமா என்று ஒரு கேள்வி கேட்கிறாள். கேட்ட உடனேயே அவனுக்குப் புரிந்துவிடுகிறது. எழுந்து போய்விடுகிறான். பிறகு வலிய வந்து மாட்டிக்கொள்கிறான். ரயில் விபத்தில் செத்தால் ஐம்பதாயிரம் டாலர் ஒரு லட்சமாகும். அந்த இரட்டிப்பு ஷரத்தின் பெயர்தான் படத்தின் தலைப்பு. ஆகவே ரயிலில்தான் சாக வேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவதே ஏஜென்ட்தான்.

இது முழுக்கக் கற்பனையும் அல்ல. 1927-ல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்றாள். அங்கேயும் இதே இரட்டிப்பு ஷரத்து உண்டு. மறுவருஷம் இருவருக்கும் மின்சார நாற்காலி. அதிலிருந்து ஜேம்ஸ் கெய்ன் கதை எழுத, வைல்டரும் துப்பறியும் நாவல் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரும் சேர்ந்து திரைக்கதை ஆக்கினார்கள். ரெண்டு பேருக்கும் ஒத்தே போகவில்லை என்பது தனிக் கதை.

அப்புறம் அந்த வெளிச்சம். வெளியே கலிஃபோர்னியா வெயில் கொளுத்துகிறது. உள்ளே வந்தால், ஜன்னலின் பட்டைத் தடுப்பு வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுகிறது. நெஃப்பின் கோட்டின் மேல் அந்த நிழல் ஜெயில் கம்பி போலப் படிகிறது. அவன் இன்னும் குற்றமே செய்யவில்லை! ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், அறையில் புழுதி மிதப்பது தெரியவேண்டும் என்பதற்காக அலுமினியத் தூளைக் காற்றில் பறக்கவிட்டுப் படம் பிடித்தார். வைல்டர் பெர்லினில் கதாசிரியராக இருந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஓடி வந்த யூதர். அவருடைய அம்மாவை நாஜிகள் கொன்றார்கள். லாங், சியோட்மாக் என்று அந்தக் காலத்தில் இப்படி வந்து சேர்ந்தவர்கள் பலர். ஜெர்மன் ஊமைப்பட நிழல்களைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தவர்கள். ஆக, நுவாரின் இருட்டு வெறும் அலங்காரம் இல்லை, சார். பார்த்துவிட்டு வந்தவர்களின் இருட்டு.

ஆனால், இந்தப் படத்தில் பயங்கரமான இடம் இருட்டு அறை அல்ல. நல்ல வெளிச்சமுள்ள மளிகைக் கடை. டின்கள் அடுக்கிய ஷெல்ஃப்களுக்கு நடுவே, கறுப்புக் கண்ணாடியோடு அவளும் தொப்பியோடு அவனும் முகத்தைப் பார்க்காமல் கொலை பற்றி முணுமுணுக்கிறார்கள். நடுவில் ஒரு அம்மாள் வந்து, மேல் தட்டில் இருக்கும் குழந்தை உணவை எடுத்துத் தரச் சொல்கிறாள். எடுத்துத் தருகிறான். கொலைகாரர்கள் வேறு எங்கோ இல்லை, உங்களுக்கு உதவி செய்தபடி பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

இன்னொரு காட்சி. கொலை முடிந்து, உடலைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு ரெண்டு பேரும் காரில் ஏறுகிறார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி முயல்கிறாள். இல்லை. அந்த நேரத்தில் உங்களைக் கவனித்துப் பாருங்கள். 'ஸ்டார்ட் ஆகு, ஸ்டார்ட் ஆகு' என்று மனசு அடித்துக்கொள்ளும். வண்டி கிளம்பியதும் பெருமூச்சு விடுவீர்கள். விட்டபிறகுதான் உறைக்கும், நாம் யார் தப்பிப்பதற்கு வேண்டிக்கொண்டோம் என்று. நல்லவர்கள் என்று நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணக்கை ஒரு கார் சாவி கலைத்துவிடுகிறது. நுவார் எது என்று கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். மழையும் தொப்பியும் அப்புறம்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். நுவார் என்றாலே ஆணைக் கெடுக்கும் மோகினி என்று ஒரு சூத்திரம் உண்டு. பார்பரா ஸ்டான்விக் அந்த வேஷத்தை, பொருந்தாத ஒரு பொன்னிற விக்கையும் மீறி, பிரமாதப்படுத்தியிருக்கிறார். ஆனால் கதை முழுக்க நெஃப் சொல்வது. அவள் பக்கத்தை யாரும் டிக்டாஃபோனில் பதிவு செய்யவில்லை. போதாததற்கு, அவள் முன்பே ஒரு சாவுக்குக் காரணமானவள் என்று பாதியில் ஒரு தகவல் வருகிறது. அங்கேதான் படம் நெஃப்பைக் கொஞ்சம் தப்பவிடுகிறது. ஆண்கள் யுத்தத்துக்குப் போக, பெண்கள் ஃபேக்டரிக்குப் போய்ச் சொந்தமாகச் சம்பாதித்த காலம் அது. அந்தப் பயம் இந்த மோகினிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆனாலும் படம் ஒரு உண்மையை மறைக்கவில்லை. சூதாட்ட மேஜையில் சக்கரம் சுற்றுகிறவனுக்கே ஒருநாள் அதை ஏமாற்றிப் பார்க்கத் தோன்றும், தனக்கும் அப்படித்தான் என்று நெஃப்பே ஒத்துக்கொள்கிறான். அரிப்பு முன்பே இருந்தது. அவள் வாசலைத் திறந்தாள், அவ்வளவுதான்.

தமிழிலும் 1954-ல் 'அந்த நாள்' என்று எஸ்.பாலசந்தர் ஒரு படம் எடுத்தார். ஒரு பாட்டுகூடக் கிடையாது, சிவாஜியை ஆரம்பத்திலேயே கொன்றுவிட்டு, எப்படி, ஏன் என்று பின்னோக்கிப் போகிற படம். நிழல்களைப் பாருங்கள், பாரிஸ்காரர்கள் சொன்ன கறுப்பு அதிலும் தெரியும்.

'டபுள் இன்டெம்னிட்டி' ஏழு ஆஸ்கர் பரிந்துரை பெற்று ஒன்றும் வாங்கவில்லை. வைல்டர் முடிவாக விஷவாயு அறையில் நெஃப்பின் மரண தண்டனையை விரிவாகப் படம்பிடித்துவிட்டு, பிறகு தூக்கி எறிந்துவிட்டார். ஏன் என்று கடைசிக் காட்சியைப் பார்த்தால் தெரியும்.

கம்பெனியில் க்ளெய்ம் விசாரிக்கும் கீஸ் என்ற மனிதர், எட்வர்ட் ஜி. ராபின்சன், நெஃப்பை மகன் மாதிரி நேசிக்கிறவர். சுருட்டு எப்போதும் வாயில் இருக்கும், தீப்பெட்டிதான் இருக்காது. படம் முழுக்க நெஃப் கட்டை விரல் நகத்தில் குச்சியைக் கிழித்துப் பற்றவைப்பான். கடைசியில் நெஃப் ரத்தம் ஒழுகி வாசலில் சரிந்து கிடக்கிறான். உதட்டில் சிகரெட். குச்சியைக் கிழிக்கக் கையில் தெம்பில்லை.

அவனைப் பிடித்துக்கொடுக்கப் போகிற கீஸ் குனிந்து ஒரு குச்சியைக் கிழிக்கிறார்.

அந்தச் சின்ன வெளிச்சத்துக்காகத்தான் அவ்வளவு இருட்டு.