பதினாறு வேகம், ஒரு சுவிட்ச்: இரண்டு வேக மோட்டார் மில்லிங் மெஷின்

பிரிட்ஜ்போர்ட் வகை டர்ரட் மில்லிங் மெஷினைக் காட்டும் வியாபாரி, "பதினாறு ஸ்பீடு சார்" என்றுதான் ஆரம்பிப்பார். கணக்கு சரி. ஸ்டெப் புல்லியில் பெல்ட்டுக்கு நான்கு இடம். பேக் கியர் போட்டால் இன்னொரு நான்கு. தலைமேல் இருப்பது இரண்டு வேக மோட்டார் என்பதால் எட்டு பதினாறாகிறது. நான் ஓட்டிப் பார்த்ததும் இந்த வகைதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் லோவில் சுமார் 66 முதல் 2,260 ஆர்பிஎம். ஹையில் எல்லாமே இரட்டிப்பு, உச்சம் 4,500 சொச்சம்.

மோட்டாருக்குள் கியர் எதுவும் கிடையாது. ஒரே வைண்டிங், அதன் நடுவிலும் முனை எடுத்து ஆறு வயர் வெளியே வருகின்றன. டெல்டாவில் இணைத்தால் 4 போல், இரட்டை ஸ்டாரில் இணைத்தால் 2 போல். காந்தப்புலம் நிமிடத்துக்கு முறையே 1,500, 3,000 சுற்று சுற்றும். ரோட்டார் சற்றுப் பின்தங்கி ஓடும். ஸ்வீடன் பொறியாளர் ராபர்ட் டாலாண்டர் 1897-இல் காப்புரிமை பெற்ற இணைப்பு இது.

சின்னக் கட்டரில்தான் இதன் அருமை தெரியும். 3 மி.மீ. எண்ட்மில்லுக்கு 2,260 ஆர்பிஎம் கொடுத்தால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 21 மீட்டர்தான். அலுமினியத்துக்கு அது போதவே போதாது. ஹையில் 42 மீட்டர் கிடைக்கிறது, ஃபீடைக் கூட்டலாம். பெல்ட்டை இரண்டாவது படியில் வைத்தால் லோவில் 930, ஹையில் 1,860. மைல்டு ஸ்டீலில் 10 மி.மீ. ஹெச்எஸ்எஸ் கட்டரை லோவில் ஓட்டிவிட்டு, 4 மி.மீ. டிரில்லுக்குச் சுவிட்சை மட்டும் திருப்பினால் போதும். பெல்ட் மாற்றும் வேலை மிச்சம்.

லோவில் போட்டால் இழுவை இரட்டிப்பாகும் என்று நம்பி வாங்காதீர்கள். நேம்பிளேட்டில் உள்ள கிலோவாட்டை 9,550-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் டார்க் தெரிந்துவிடும். 1.2/1.5 கிலோவாட் என்று இருந்தால் லோவில் சுமார் 8 நியூட்டன் மீட்டர், ஹையில் 5. அதுவே 0.75/1.5 என்றால் இரண்டிலும் 5 தான். பேக் கியரோ வேகத்தை எட்டில் ஒன்றாக்கி, டார்க்கை ஏறக்குறைய எட்டு மடங்காக்குகிறது. 80 மி.மீ. ஃப்ளை கட்டரைக் கொண்டு ஸ்டீலில் 100 ஆர்பிஎம்மில் முகம் எடுக்க அதுதான் வேண்டும். மோட்டார் சுவிட்ச் அந்த வேலையைச் செய்யாது.

கையாளுவதில் சில கண்டிப்புகள் உண்டு. ஹையிலிருந்து லோவுக்கு ஓட்டத்திலேயே தள்ளாதீர்கள். வேகம் குறையும்வரை மோட்டார் ஜெனரேட்டராகி பிரேக் பிடிக்கும். பெல்ட்டும் சுவிட்ச் கான்டாக்ட்டும் அடி வாங்கும். சுவிட்சை நடுவில் நிறுத்தி, ஸ்பிண்டில் நின்ற பிறகே மாற்றுங்கள். பேக் கியரில் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுற்றும். ரிவர்ஸில் போட்டுத்தான் வெட்ட வேண்டும். இரண்டு வேகத்துக்கும் கரன்ட் வேறு என்பதால் ஓவர்லோடு ரிலேயும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வயரிங் செய்தால் கட்டர் மாட்டாமல் இரண்டு வேகத்திலும் சுற்றும் திசையைச் சரிபாருங்கள்.

'விஎஃப்டி இருக்க இது எதற்கு' என்று கேட்கலாம். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் விஎஃப்டியில் நினைத்த வேகம் கிடைக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கினால் வேகத்தோடு பவரும் இறங்கும். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் மட்டும் உள்ள பட்டறைக்கு இன்னொரு சிக்கல்: அங்கே சாதாரண விஎஃப்டி தருவதும் 230 வோல்ட்தான். சாதாரண மோட்டாரில் பலவற்றை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றி 230-இல் ஓட்டலாம், 415 வோல்ட் இரண்டு வேக மோட்டாரில் அந்த வழி இல்லை.

த்ரீ ஃபேஸ் இருக்கிறது, சின்னக் கட்டர் வேலையும் டிரில்லிங்கும் மாறிமாறி வருகிறது என்றால் இந்த மெஷினைத் தயங்காமல் எடுக்கலாம். பெரிய கட்டரில் கனமான வெட்டுத்தான் உங்கள் பிழைப்பு என்றால் மோட்டாரை விடுங்கள். பேக் கியர் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பார்த்து விலை பேசுங்கள்.