பாட்டைக் கட்டியவர் யார்?

ரிங்லெட்டை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு திருமண வீடு. ஒலிபெருக்கியில் ‘என்ஜாய் எஞ்சாமி’ முழங்கிற்று. சிறுவரும் இளைஞரும் ஆடினர். பல்லாண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் சற்று நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, “இந்தப் பாட்டைக் கட்டினது யாரப்பா?” என்றார். ஓர் இளைஞர் பாடகியின் பெயரைச் சொன்னார். மற்றொருவர் இசையமைப்பாளரின் பெயரைச் சொன்னார். கட்டியவர் பெயர் எவர் வாயினின்றும் வரவில்லை. மூதாட்டியாரின் கேள்வி சிறிது. அதனுள் அடங்கிய வழக்கோ பெரிது.

இப்பாட்டு 2021-ம் ஆண்டு மார்ச்சு 7-ந் தேதி ‘மாஜா’ என்னும் நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. திரைப்படம் எதையும் சேராத தனிப்பாட்டு. கதாநாயகன் வாயசைத்தாலன்றித் தமிழ்ப் பாட்டு ஊர் சுற்றாது என்றிருந்தோர் எண்ணத்தை இது பொய்ப்பித்தது. இசை சந்தோஷ் நாராயணன், பாடியோர் தீ, அறிவு இருவர், சொற்கள் அறிவினுடையவை.

அரக்கோணத்துக்காரரான அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். அத்திரும்புதலின் வரலாறு யாது? 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் வழக்குப் பின்னுக்குத் தள்ளப்பட்டது. பங்கிடப்பட்டவரை யாரும் கேட்கவில்லை. காடு திருத்திய கை ஒருபுறம். கணக்கெழுதிய கை வேறொருபுறம்!

இந்தக் கதை கேமரன் மலைவாசிகளாகிய நமக்கு அயலாருடையதன்று. 1929-ல் போ தோட்டம் தொடங்கிய நாள் முதல் இச்சரிவுகளைப் பசுமையாக்கியோருள் தமிழர் பெருந்தொகையினர். மலை தன் பெயரை, 1885-ல் இங்கு நிலம் அளக்க வந்த வில்லியம் கேமரனிடம் பெற்றது. அளந்தவர் பெயர் மலைக்கு ஆயிற்று. நட்டவர் பெயர் எந்தச் சரிவுக்கும் ஆகவில்லை. இன்று வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் அதே சரிவுகளில் உழைக்கின்றனர். அவர் பெயர்களையேனும் நாம் கேட்டதுண்டா?

இனிப் பாட்டின் தகுதியை நோக்குவோம். ஒப்பாரியின் இழுப்பும் கூத்தின் துள்ளலும் இதில் ஒருங்கே நடக்கின்றன. முன்னோர் விட்டுச் சென்ற நிலம் மனிதனுக்கு மட்டுமன்று, நாய்க்கும் நரிக்கும் கூட உரியது என்னும் கருத்து, நீதி நூல் போலன்றித் தாலாட்டுப் போல் வந்து சேர்கிறது. தோட்டத்தை வளர்த்தவருக்கு அதன் செழிப்பு எட்டாமற் போனதைச் சொல்லுமிடத்தில் ஆட்டம் அடங்கி நெஞ்சு கனக்கிறது. தலைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பேரனைக் கொஞ்சும் கிழவி ‘என் சாமி’ என்பாள்; பண்ணையாரின் முன் கைகட்டி நின்ற கூலியாளும் ‘சாமி’ என்றே விளிக்க நேர்ந்தது. ஆண்டையிடமிருந்து அச்சொல்லைப் பறித்துக் குழந்தையிடம் கொடுத்தது இப்பாட்டின் வெற்றி என்போம்.

குறையும் உண்டு, மறைப்பதற்கில்லை. கொண்டாட்டத்தின் ஓசை மிகுந்து, அழுகையின் பொருள் பலர் செவிக்கு எட்டாமற் போயிற்று. ‘என்ஜாய்’ என்றதை ஏவலாகவே கொண்டு மகிழ்ந்தனர். ‘எஞ்சாமி’ யார் என்று கேட்டிலர்.

அப்படிக் கேளாமையின் விளைவை வரவேற்பிலேயே கண்டோம். யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் இப்பாட்டு பார்க்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் கண்டித்த பின்னரே இணைய அட்டையில் அவருக்கு இடம் கிடைத்தது. 2022 ஜூலை 28-ல், சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில், தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதனைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். அவர் அமெரிக்காவில் இருந்தமையால் வர இயலவில்லை என்றும், தாம் எங்கும் அவர் பெயரை மறைத்ததில்லை என்றும் தீ விடையிறுத்தார். பாட்டு கூட்டு முயற்சியில் பிறந்ததென்றும், வருவாய் மூவருக்கும் சமமென்றும் சந்தோஷ் நாராயணன் உரைத்தார். 2024 மார்ச்சிலோ, அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவரே அறிவித்தார். எனவே, மூவருள் ஒருவரைக் கள்வராக்கி நாம் தீர்ப்பெழுத வரவில்லை. பெயர் எளிதில் உதிரும் இடம் எது என்பதே நம் கேள்வி.

“நாட்டுப் பாட்டுக்கு ஆசிரியர் ஏது? ஒப்பாரி ஊர்ப்பொது அன்றோ?” என்பாரும் உளர். ஆசிரியர் இல்லாமலா பாட்டுப் பிறந்தது? பிறந்தபோது பெயர் எழுதுவார் இல்லை, அவ்வளவே. இந்த நியாயம் அறிவுக்கும் பொருந்தும், அவருக்கு முன் அழுது பாடிய பெயரறியாப் பெண்டிர்க்கும் பொருந்தும். தம் கடனை அவர் உணர்ந்தவர் என்பதற்கு, 2024-ல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ எனப் பாட்டியார் பெயரையே சூட்டியது சான்று.

இலங்கை மலையகத்திற்கு ஒரு சி. வி. வேலுப்பிள்ளை வாய்த்தார், தோட்ட மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். நம் மலையில் அவ்வேலைக்கு இன்னும் இடமுண்டு. தோழர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் கிழவியிடம் இன்றே ஒரு தாலாட்டைக் கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். பாட்டை எழுதுமுன் அதன் மேல் ஒரு வரி எழுதுங்கள்: பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு. கைப்பேசியில் பதிந்தாலும் முதலில் அவர் பெயரைச் சொல்லச் செய்யுங்கள்.

மறுவாரம் அம்மூதாட்டியாரைக் கண்டு, “கட்டியவர் பெயர் அறிவு, தேயிலை பறித்த ஒரு பாட்டியின் பேரன்” என்றோம். “அதுதானே பார்த்தேன்” என்றார்.